ஸ்டாகர் 3½ என்று எழுதியிருந்த கார்: ஒரு மண் தட மாடிஃபைடின் நிகழ்வு ஆய்வு

ஹீட் ரேஸ் என்ற தகுதி ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த கார், அதே இரவு ஃபீச்சரில், அதாவது முக்கிய ரேஸில், நடு வளைவில் முன்பக்கம் விலகியது. வளைவை விட்டு வெளியே வரும்போது பின்பக்கம் சுழன்றது. மஞ்சள் எச்சரிக்கைக் கொடி விழக் காரணமாகி வரிசையின் வாலுக்குப் போனது. இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம்தான். இன்ஜின் அதே, ஓட்டுநர் அதே, நாலு டயரும் அதே. கார்களைச் சீர்செய்யும் பிட்டில் எல்லோரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: தடம் காய்ந்துவிட்டது. தடம் எல்லோருக்கும்தான் காய்ந்தது. முன்வரிசையில் நம்மோடு கிளம்பிய கார்கள் கடைசி வரை அங்கேயே ஓடின.

இடம் அமெரிக்காவின் அயோவா மாநிலம். கோடையில் வார இறுதி வந்தால் அங்கே மாவட்டக் கண்காட்சித் திடல்களில் இருக்கும் களிமண் தடங்களில் ரேஸ் நடக்கும். இது அப்படி ஒரு ⅜ மைல் தடம். கார் அப்பாவுடையது, ஓட்டுவது மகன். வேலை நிமித்தம் அந்த ஊருக்குப் போன நான் அந்தக் குழுவில் அளவு டேப்பும் நோட்டும் பிடிக்கிற ஆள். பின்னால் வரும் எண்கள் எல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

கார்

மாடிஃபைடு என்பது திறந்த முன்சக்கரமும் மூடிய பின்பக்கமும் கொண்ட, சாதாரணக் காரின் சட்டத்தோடு குழாய்களை இணைத்துக் கட்டிய வி8 கார். அயோவாவின் வின்டன் நகரத்தில் இருக்கும் ஐஎம்சிஏ என்ற ரேஸ் அமைப்பு 1915-இல் தொடங்கியது. 1979-இல் அது ஆரம்பித்த வகுப்பு இது. செலவைக் கட்டுக்குள் வைக்கத்தான் அந்த வகுப்பே வந்தது. அதனால் டயரில் விளையாட அதிகம் இடம் கிடையாது: நாலு மூலைக்கும் ஹூசியர் நிறுவனத்தின் ஜி60-15 என்ற ஒரே டயர், 8 அங்குல ரிம்.

அப்படியானால் ஸ்டாகர் எங்கிருந்து வரும்? வலது பின் டயரின் சுற்றளவில் இடது பின் டயரின் சுற்றளவைக் கழித்தால் வருவதுதான் ஸ்டாகர். ஒரே அளவு என்று அச்சிட்டு விற்றாலும் இரண்டு பயாஸ் (குறுக்கிழை) டயர்கள் டேப்புக்கு ஒன்றுபோல இருக்காது. தேய்ந்த டயர் சின்னதாகும்: தரையில் படும் ரப்பரான ட்ரெட் கால் அங்குலம் தேய்ந்தால் சுற்றளவில் ஒன்றரை அங்குலம் போய்விடும். காற்று கூடினால் டயர் பெருக்கும். புது டயர் முதல் ஓட்டத்தின் சூட்டில் இழுபட்டு வளரும், பிறகு பழைய அளவுக்குத் திரும்பாது. ஆக இடதுபக்கம் தேய்ந்தது, வலதுபக்கம் புதிது என்று மாட்டினால் ஒரே மாடல் டயரிலேயே மூன்று அங்குலத்துக்கு மேல் ஸ்டாகர் எடுக்கலாம். குழுக்கள் செய்வதும் அதுதான்.

இது ஏன் வேண்டும் என்றால், இந்தக் கார்களில் பின் ஆக்சில் லாக் செய்யப்பட்டது. இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இங்கே வேலை செய்யாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவிலோ வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். இரண்டும் ஒரே அளவென்றால் ஆக்சில் நேராகப் போகத்தான் பார்க்கும், முன்சக்கரத்தைத் திருப்பினாலும் கேட்காது. வலதைப் பெரிதாக்கினால் ஆக்சில் தானாகவே இடது பக்கம் உருளும். வாய் அகலமான எவர்சில்வர் டம்ளரைத் தரையில் படுக்க வைத்து உருட்டினால் வட்டமடிக்குமே, அதே கணக்குதான். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ ரேஸ் பார்த்தவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். அவை தார்த் தடங்கள், இரு பக்கமும் வளைவு வரும், அங்கே ஒரு பக்க டயரைப் பெரிதாக்கினால் பாதி வளைவுகளில் எதிரி ஆகிவிடும். நீள்வட்டமான ஓவல் தடத்தில் வாழ்நாள் முழுக்க இடது மட்டும்தான்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு சாதாரண வகுத்தல் போதும். சுற்றளவைப் பின்சக்கரங்களுக்கு நடுவேயுள்ள அகலத்தால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். இந்தத் தடத்தின் சுற்று 1,980 அடி. நேர்ப்பாதைகள் இரண்டையும் சேர்த்து 800 அடி என்று எடுத்தால் மீதி 1,180 அடி இரண்டு அரைவட்டம். ஆரம் சுமார் 188 அடி. சக்கர அகலம் ஐந்தரை அடி, சுற்றளவு சராசரி 87 அங்குலம். விடை இரண்டரை அங்குலம். உள்கோட்டை ஒட்டி 130 அடி ஆரத்தில் சுற்றினால் 3.7 வரும். மேலே, வெளிப்பக்கம் ஏறி 210 அடி ஆரத்தில் சுற்றினால் 2.3. ஓட்டுநர் தேர்ந்தெடுக்கும் கோடு மாறினாலே ஸ்டாகரின் தேவை இவ்வளவு மாறுகிறது. தடம் காய்ந்து எல்லோரும் மேல்கோட்டுக்கு ஏறும் நேரத்தில் இது சின்ன விஷயமில்லை.

நேர்ப்பாதையில் தேவை பூஜ்யம். அங்கே இரண்டரை அங்குல ஸ்டாகர் என்பது ஒரு சுமை. 400 அடி நேர்ப்பாதையில் சக்கரம் ஏறத்தாழ 55 தடவை சுற்றும். வலது டயர் இடதைவிட 11 அடிக்கு மேல் கூடுதலாகப் போகப் பார்க்கும். போக முடியாது. அந்த வித்தியாசம் முழுக்க ஏதாவதொரு டயர் மண்ணில் தேய்த்துத்தான் தீர்க்க வேண்டும். ஈர மண்ணில் பிடி ஏராளம், அதனால் அந்தத் தேய்ப்பு உறைக்காது. வழுக்கும் மண்ணில், இருக்கிற கொஞ்சம் பிடியையும் அதுவே தின்றுவிடும்.

இந்த வகுத்தல் வேதவாக்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அயோவாவிலேயே நாக்ஸ்வில்லில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஸ்பிரிண்ட் கார்களின் நேஷனல்ஸ் போட்டி நடக்கிறது, 1961 முதல். அந்த அரை மைல் கருமண்ணில் ஓடும் இறக்கை வைத்த ஸ்பிரிண்ட் கார்களின் வலது பின் டயர் 105 அங்குலம், இடது 90-ஐ ஒட்டி. ஸ்டாகர் 10 அங்குலத்துக்கு மேல் அங்கே சாதாரணம். மேலே சொன்ன கணக்குப்படி இரண்டு அங்குலம் போதும்! அந்தக் கார்கள் உருளுவதைவிட வழுக்குவதே அதிகம். வலது பின்சக்கரம் எப்போதும் மண்ணைக் கிளறிக்கொண்டே போகிறது, 900 குதிரைத்திறனுக்கு இடது சக்கரம் பல நேரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. அங்கே ஸ்டாகர் காரைத் திருப்பும் கருவியாகவே ஆகிவிட்டது. மாடிஃபைடில் குதிரை குறைவு, எடை அதிகம், டயர் கடினம். கணக்கு இங்கே ஓரளவு நெருங்கி வரும், அவ்வளவுதான்.

நோட்டில் இருந்தது

பட்டறையில் வெள்ளிக்கிழமை கார், ஒவ்வொரு சக்கரத்தின் எடையையும் தனித்தனியே காட்டும் ஸ்கேலில் ஏறியபோது, ஓட்டுநரோடு மொத்தம் 2,500 பவுண்டு. இடது முன் 585, வலது முன் 515, இடது பின் 740, வலது பின் 660. இடதுபக்கம் 53 சதம், பின்பக்கம் 56 சதம். மண் தடக்காரர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கும் எண் பைட்: இடது பின் எடையில் வலது பின்னைக் கழித்தது. இங்கே 80. பைட் கூடினால் பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து தள்ளும், கார் வெளியே வரும்போது நேராகக் கிளம்பும். அதிகமாகிவிட்டால் நடு வளைவில் முன்பக்கம் திரும்ப மறுக்கும்.

இடது பின் டயர் 10 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 85½ அங்குலம். வலது பின் 12 பிஎஸ்ஐயில் 87½. ஸ்டாகர் 2.

அந்த இரவு

மாலையில் தண்ணீர் லாரி தாராளமாக ஊற்றியிருந்தது. பயிற்சிச் சுற்றுகளில் மண் காரின் பக்கவாட்டில் கட்டி கட்டியாக ஒட்டியது. மகன் இறங்கி வந்து, வண்டி திரும்பவே மாட்டேன் என்கிறது, உள்ளே நுழைந்ததும் சுவரை நோக்கிப் போகிறது என்றான். ஒட்டும் மண்ணில் ஸ்டாகர் போதாத காரின் லட்சணம் அதுதான். அப்பா யோசிக்கவே இல்லை. வலது பின்னைக் கழற்றி, அன்று காலைதான் ரிம்மில் ஏற்றிய புது டயரை மாட்டினார். 12 பிஎஸ்ஐயில் 89 அங்குலம். நோட்டில் எழுதினேன்: ஸ்டாகர் 3½.

ஹீட் ரேஸில் கார் கயிறு கட்டி இழுத்தது போலத் திரும்பியது. கீழ்க்கோட்டைப் பிடித்து இரண்டாவதாக வந்தது. அந்த ஈரத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் 3½ பொருத்தமான எண்தான். மேலே பார்த்த 3.7-க்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா எடுத்த முடிவின் திசை சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கார் பிட்டுக்கு வந்த சூட்டோடு டேப்பைச் சுற்றினேன். எங்கள் குழுவில் ஓட்டத்துக்குப் பிறகு டயரை அளக்கும் வழக்கம் இல்லை. இடது பின் 11 பிஎஸ்ஐ, 85⅝. வலது பின் 15 பிஎஸ்ஐ, 89⅞. ஸ்டாகர் நாலேகால்.

முக்கால் அங்குலம் எங்கிருந்து வந்தது? டயர் சூடாகிக் காற்று மூன்று பிஎஸ்ஐ ஏறியிருந்தது. இந்த டயரில் ஒரு பிஎஸ்ஐக்கு சுமார் ⅛ அங்குலம் வளர்கிறது, ஆக ⅜. மிச்சம் அரை அங்குலம் புது டயர் முதல் சூட்டில் இழுபட்டது. இடது டயர் பழையது, இழுபட வேண்டியதெல்லாம் எப்போதோ இழுபட்டு முடிந்தது. அது வளர்ந்தது ⅛ மட்டும். காற்று ஏறினால் தானாகத் திறந்து வெளியேற்றும் ப்ளீடர் வால்வு சில வகுப்புகளில் உண்டு. இந்தக் காரில் கிடையாது.

கார் வந்து நின்றபோது மகன் இன்னொன்றும் சொன்னான். கடைசி இரண்டு சுற்றில் உள்ளே நுழையும்போது பின்பக்கம் கொஞ்சம் ஆடியதாம். தடத்தின் நடுவே அதற்குள் சாம்பல் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. ஃபீச்சருக்குள் வழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வழுக்கலுக்குப் பைட் வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த பாடம். அப்பா இடது பின் ஜாக் போல்ட்டில், அதாவது அந்த மூலையின் ஸ்பிரிங்கை ஏற்றி இறக்கும் திருகில், நாலு சுற்று ஏற்றினார். உள்ளே ஆடுகிறது என்றதற்கு முன் பிரேக்கின் பங்கைக் கூட்டினார். நாலேகால் என்ற எண்ணை அவரிடம் சொன்னேன். "சூட்டில் அப்படித்தான் காட்டும், ஆறினால் இறங்கிவிடும்" என்றார். ஆறியது. காற்றை மறுபடி 12-க்கு வைத்து அளந்தபோது 89½. ஸ்டாகர் 4. காற்றின் பங்கு இறங்கியது, இழுபட்ட அரை அங்குலம் இறங்கவில்லை. அதற்குள் ஃபீச்சருக்கு வரிசைக்கு அழைத்துவிட்டார்கள்.

20 சுற்று. முதல் மூன்று சுற்று சமாளித்தது. பிறகு வளைவுக்குள் முன்சக்கரங்கள் மேலே தள்ளிக்கொண்டு போயின. மகன் ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்தான். கார் கடைசியில் திரும்பியபோது ஆக்சிலரேட்டரை அழுத்தினான். பின்பக்கம் வெடுக்கென்று வெளியே போனது. ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை, ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடம் போனது. நாலாவது வளைவின் வாயில் ஒருமுறை திருத்த முடியாமல் முழுக்கச் சுழன்றான்.

காரிலிருந்து இறங்கியதும் அவன் சொன்னது: "லூஸ். பயங்கர லூஸ்."

திங்கட்கிழமை

லூஸ், அதாவது பின்பக்கம் பிடி விட்டு வெளியே போகிறது, என்று கேட்டதும் மருந்து தயார்: இன்னும் பைட் போடு, வலது பின் ஸ்பிரிங்கை மென்மையாக்கு. அப்பா வலது பின் ஷாக் அப்சார்பரின் மேல் சந்தேகப்பட்டார். கழற்றிப் பார்த்தோம், தண்டு வளையவில்லை, எண்ணெய் கசிவு இல்லை, இழுத்து அமுக்கினால் இரு பக்கமும் ஒரே சீராகப் போய் வந்தது. சுழன்றபோது பின் கம்பி ஏதாவது வளைந்து ஆக்சில் கோணலாகியிருக்குமோ என்று முன் பின் சக்கரங்களுக்கு நடுவேயுள்ள வீல்பேஸை இரு பக்கமும் அளந்தோம். வெள்ளிக்கிழமை எண்ணே வந்தது.

டயர்கள்தான் பேசின. வலது முன் டயரின் வெளித்தோளில் ரப்பர் சுருண்டு, கையால் தடவினால் உதிரும் துணுக்குகளாகக் கிடந்தது. முன்பக்கம் விலகிய காரில் மட்டுமே அந்தத் தோள் அப்படிக் கிழியும். இடது பின் டயரின் நடுப்பகுதி கறுத்து, கண்ணாடி பூசியது போல மின்னியது. அது மண்ணைப் பிடிக்காமல் சும்மா சுற்றிச் சூடான டயர். வலது பின்னில் பெரிய குறை எதுவும் இல்லை. பின்பக்கம் மட்டும் லூஸான காரில் கதை வேறு மாதிரி இருக்கும்: வலது பின் அடி வாங்கியிருக்கும், வலது முன் சுத்தமாக இருக்கும்.

பிட் பக்கத்து மேடையிலிருந்து ஓட்டுநரின் மனைவி போனில் எடுத்த வீடியோ இதை உறுதி செய்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் வளைவின் நடுவில் முன்சக்கரங்கள் இடது பக்கம் நன்றாக ஒடிந்திருக்கின்றன, கார் மட்டும் மேலே போகிறது. லூஸான கார் என்றால் அந்த இடத்தில் ஓட்டுநர் வலது பக்கம் எதிர்த் திருப்பு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சுழற்சி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. அவனைப் பயமுறுத்தியது வெளியே வரும்போது நடந்தது, அதைத்தான் நினைவில் வைத்துச் சொன்னான். ஓட்டுநரிடம் கார் எப்படி என்று கேட்பதைவிட, உள்ளே நுழையும்போது கை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்பது பலன் தரும்.

ஸ்கேலில் ஏற்றினோம். பைட் 96.

இந்த 96-தான் ஆய்வின் மையம். வெள்ளி அன்று 80. நாலு சுற்று ஏற்றியிருக்கிறோம். இந்தக் காரின் ஜாக் போல்ட்டில் அங்குலத்துக்கு எட்டு மரை. ஒரு சுற்றுக்கு சுமார் 11 பவுண்டு பைட் மாறுகிறது என்பது முன்பே ஸ்கேலில் பார்த்து எழுதியது. நாலு சுற்றுக்கு 44. அப்படியானால் 124 காட்ட வேண்டும். 28 பவுண்டு எங்கே?

டயர் தின்றுவிட்டது. வலது பின் சுற்றளவு 87½-இலிருந்து 89½ ஆகியிருக்கிறது. இரண்டு அங்குலத்தை 6.28-ஆல் வகுத்தால் ஆரத்தில் 0.32 அங்குலம். அந்த மூலை அவ்வளவு உயர்ந்துவிட்டது. ஒரு மூலையை உயர்த்தினால் அதன் மேலும் அதற்குக் குறுக்கே உள்ள இடது முன் மேலும் எடை ஏறும். மற்ற இரண்டில் இறங்கும். நாலு கால் பெஞ்சில் ஒரு காலுக்குக் கீழ் அட்டை வைப்பதை யாரும் எடை மாற்றம் என்று நினைப்பதில்லை; ஆனால் ஸ்பிரிங் மேல் நிற்கும் சேஸியில் அது அப்படித்தான் வேலை செய்யும். ஜாக் போல்ட் கணக்கையே இதற்கும் போட்டால் அங்குலத்துக்கு 88 பவுண்டு, 0.32-க்கு 28. தொலைந்த 28 கிடைத்துவிட்டது.

இப்போது அந்த இரவைத் திரும்ப எழுதலாம். பயிற்சியில் பைட் 80. புது டயர் மாட்டியதும், யாரும் ஒரு போல்ட்டையும் தொடாமலேயே, 60-க்குக் கீழே இறங்கியது. ஹீட் ரேஸ் முடிவில் டயர் சூட்டில் வளர்ந்து நின்றபோது அது 50-க்கும் சற்றுக் கீழே. கார் ஹீட்டில் அவ்வளவு நன்றாகத் திரும்பியதற்கு ஸ்டாகர் மட்டுமே காரணம் அல்ல. குறைந்த பைட்டும் சேர்ந்து திருப்பியது. நல்ல பெயர் முழுக்க ஸ்டாகருக்குப் போனது. ஃபீச்சருக்கு முன் நாலு சுற்று ஏற்றியபோது அப்பா 80-இலிருந்து 124-க்குப் போவதாக நினைத்தார். உண்மையில் ஓடும் சூட்டில் அது 48-இலிருந்து 92-க்குப் போனது. இரண்டு மணி நேரத்தில் கார் மிக எளிதில் திரும்பும் ஒரு சேஸியிலிருந்து திரும்ப மறுக்கும் ஒரு இறுக்கமான சேஸிக்குத் தாவியது. கூடவே முன் பிரேக். நடு வளைவில் முன்பக்கம் விலகியதில் அதிசயம் ஒன்றுமில்லை.

வெளியே வரும்போது நடந்தது வேறு. அங்கே ஆள்வது நாலேகால் அங்குல ஸ்டாகர். மகன் அப்போது மேல்கோட்டில், 200 அடி ஆரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தான், தேவை இரண்டேகால்தான். ஆக்சிலரேட்டரை அழுத்திய கணம் ஆக்சில் தடத்தைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு கூர்மையான வட்டத்தை அடிக்கப் பார்க்கிறது. வழுக்கும் மண்ணில் அதைத் தாங்கிப் பிடிக்கப் பக்கவாட்டுப் பிடி இல்லை. இடது பின் சும்மா சுற்றத் தொடங்குகிறது, வலது பின் காரைத் தள்ளித் திருப்புகிறது. முன்சக்கரமோ ஏற்கெனவே ஒடிந்து நிற்கிறது. அது திடீரென்று பிடித்தால் சுழற்சிக்குத் துணை வேறு.

ஆக ஒரே காரில் இரண்டு நோய், ஒன்றுக்கொன்று எதிரானவை. ஸ்டாகரால் வந்த ஆட்டத்தை பைட்டாலும் பிரேக்காலும் அடக்கப் போனதில் ஆட்டம் அடங்கவில்லை, புதிதாக ஒரு இறுக்கம் சேர்ந்தது. வழுக்கலுக்கு ஸ்டாகரைக் குறை என்பது மண் தடத்தில் பழைய வழக்கம். வலது பின்னில் பழைய 87½ டயரைத் திரும்ப மாட்டியிருந்தாலே போதும். அது ஐந்து நிமிட வேலை. ஹீட்டில் இரண்டாமிடம் தந்த டயரைக் கழற்ற யாருக்கு மனசு வரும்?

செய்த மாற்றம்

முதல் வேலை டயர்கள். புதிய வலது பின் டயர்களை ரிம்மில் ஏற்றி 30 பிஎஸ்ஐ அடித்து வெயிலில் போட்டோம். மறுநாள் காற்றை இறக்கி, ஓடும் அளவுக்கு வைத்து அளந்தோம். ஓரளவு இழுபட்டுவிட்டது; முதல் ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் இழுபடும் என்றாலும் அரை அங்குலம் போகாது. டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு எழுதுகிறோம்: பட்டறையில், தடத்தில் ஓட்டத்துக்கு முன், ஓடி வந்த சூட்டில். ஒவ்வொரு சுற்றளவுக்கும் பக்கத்தில் அப்போதைய பிஎஸ்ஐ கட்டாயம். காற்று எழுதாத சுற்றளவு வெறும் வதந்தி.

மின்னிய இடது பின் டயரின் மேல்தோலை கிரைண்டரால் லேசாக எடுத்தோம்.  டயரை மென்மையாக்க ரசாயனம் தடவுவது வேறு சங்கதி. பல தொடர்களில் டயர் துண்டை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள், பிடிபட்டால் பரிசும் புள்ளியும் போகும்.

அடுத்தது, இரண்டு நிலைக்கு இரண்டு தயாரிப்பு. ஈரத்துக்கு, ஓடும் சூட்டில் 3 அங்குலம். வழுக்கலுக்கு, சூட்டில் 2. நோட்டில் இனி ஸ்டாகர் என்றால் சூட்டு எண்தான். ஆறிய எண் அதற்குப் போகும் வழி மட்டும். பெரிய டயர் மாட்டும்போது வலது பின் ஜாக் போல்ட்டை இறக்க வேண்டும், சின்ன டயர் வரும்போது ஏற்ற வேண்டும்: சுற்றளவில் ஒன்றரை அங்குல வித்தியாசத்துக்கு இரண்டு சுற்று. அப்போதுதான் டயர் மாறினாலும் பைட் இருந்த இடத்தில் இருக்கும், ஸ்டாகரின் பலனை மட்டும் தனியாகப் பார்க்க முடியும். அப்பா இதை முதலில் ஏற்கவில்லை. 30 வருடமாக டயரை மட்டும்தான் மாற்றுகிறேன் என்றார். ஸ்கேலில் காரை நிறுத்தி, அவர் கண் முன்னால் டயரை மாற்றிக் காட்டினேன். எண் இறங்குவதைப் பார்த்தார். மேலே பேசவில்லை, ஸ்பானரை எடுத்தார்.

முன் பிரேக்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும், பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ஜே-பாரையும் வேண்டுமென்றே தொடவில்லை. ஜே-பாரைப் பற்றி பிட்டில் ஆளுக்கொரு கருத்து கிடைக்கும், எல்லாமே ஏதோ ஒரு காரில் உண்மையாக இருக்கும். ஸ்டாகரும் பைட்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவதாக அதையும் திருகினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே தடத்தில் அடுத்த ஓட்டம். ஈரத்தில் 3 அங்குலத்தோடு ஹீட். பழைய 3½ அளவுக்குத் திரும்பவில்லை, நாலாவதாக வந்தான். மகனுக்கு முகம் சுருங்கியது. ஃபீச்சருக்கு வலது பின்னைச் சின்னதாக்கி, வலது ஜாக் போல்ட்டை ஏற்றி, பைட்டை 80-இல் நிறுத்தினோம். சூட்டில் ஸ்டாகர் 2⅛. முதல் ஐந்தாறு சுற்று கார் இறுகலாக இருந்தது, இரண்டு இடம் போனது. தடத்தில் ஈரம் இன்னும் மிச்சம் இருந்த நேரம் அது. இந்தத் தயாரிப்புக்குக் கொடுத்தாக வேண்டிய விலை. நடு வளைவு காய்ந்து மண் பளபளக்கத் தொடங்கியதும் மற்ற கார்களின் பின்பக்கங்கள் ஆட ஆரம்பித்தன. இது நேராகக் கிளம்பியது. போன இரண்டும் திரும்பி வந்தன, மேலும் மூன்று. ஐந்தாவதாக முடித்தான். சுழலவில்லை.

ஓடி வந்த டயர்களைப் பார்த்ததில் இடது பின்னில் அந்தக் கண்ணாடிப் பூச்சு இல்லை. ட்ரெட் முழுக்க ஒரே சீரான சொரசொரப்பு. வலது முன்னின் வெளித்தோள் மட்டும் இன்னும் கொஞ்சம் கிழிகிறது, முன்பைவிடக் குறைவாக. அது ஸ்டாகர் விஷயம் அல்ல என்று நினைக்கிறேன். வலது முன் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, போதவில்லை, அல்லது அந்த ஸ்பிரிங் ஒரு படி கடினம். அப்பா ஸ்பிரிங் கட்சி, நான் கேம்பர் கட்சி. கேம்பரைத் திருத்த ஷிம் என்ற மெல்லிய தகடு போதும், செலவு இல்லை, அதனால் அதை முதலில் பார்ப்பதாக முடிவு. அடுத்த சனிக்கிழமை மழை, ரேஸ் ரத்து. கார் இன்னும் டிரெய்லரில் அதே ஷிம்மோடுதான் நிற்கிறது.